ஏ.ஏ. கூட்டத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு

ஆதரவுக் குழு எனப்படுவது

மதுவுக்கு அடிமையான ஒருவர், அதே நிலையிலிருந்து மீண்ட வேறு சிலரோடு வாரம் ஒரு முறையோ பல முறையோ உட்கார்ந்து பேசுவதற்கான ஏற்பாடே ஆதரவுக் குழு. அங்கே மருத்துவரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. கட்டணமோ சேர்க்கைப் படிவமோ கிடையாது. இவ்வகைக் குழுக்களில் உலகெங்கும் பரவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. ஏறத்தாழ 180 நாடுகளில் இதன் குழுக்கள் இயங்குகின்றன. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. மது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்குப் போனவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் எப்போதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார்.

மற்ற 37 பேரும் சும்மா இருந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் குடியை நிறுத்த நினைக்கும் பலர் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். குலசாமி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள். மாலை கழுத்தில் கிடந்த 48 நாளும் ஒரு சொட்டுத் தொடாதவர், கழற்றிய அன்றே டாஸ்மாக் வாசலில் நிற்பார். மனவுறுதி இல்லாத ஆள் என்று ஊர் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பு சரியில்லை. விரத நாட்களில் அவரைச் சுற்றிச் சக சாமிமார்கள் இருந்தார்கள், காலை மாலை பூசை இருந்தது, தெருவே அவரைச் ‘சாமி’ என்று மரியாதையாகக் கூப்பிட்டது. மாலையோடு அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிட்டது. ஆதரவுக் குழு கொடுப்பது ஏறக்குறைய அதே சூழலைத்தான். ஆனால் அதற்கு முடிவு நாள் கிடையாது.

அக்ரான் நகரில் ஒரு தொலைபேசி அழைப்பு

இந்த முறை எப்படிப் பிறந்தது என்பது தெரிந்தால், கூட்டத்தில் ஏன் மருத்துவர் இல்லை என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். 1935 மே மாதம். நியூயார்க்கின் பங்குச் சந்தையில் வேலை பார்த்த பில் வில்சன், தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரான் நகருக்குப் போயிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் கெட்டது. தங்கியிருந்த விடுதியின் கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம். இன்னொரு பக்கம் தொலைபேசியும் ஊரின் தேவாலயங்களைப் பட்டியலிட்ட பலகையும். அவர் தொலைபேசியின் பக்கம் போனார். ஒரு பாதிரியாரிடம் தொடங்கி, கைமாறிக் கைமாறி, கடைசியில் குடியால் தொழிலே ஆட்டம் கண்டிருந்த பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த மருத்துவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்.

பாப் ஸ்மித் ஒரு மருத்துவர். மது உடலை என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன்னைப் போலவே விழுந்து எழுந்த ஒருவன் எதிரில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னதுதான் அவரிடம் வேலை செய்தது. பேசிய வில்சனுக்கும் அன்று குடிக்கத் தோன்றவில்லை. சொல்பவர், கேட்பவர் இருவரையுமே காப்பாற்றுகிற இந்த ஏற்பாட்டின் மேல்தான் மொத்த இயக்கமும் நிற்கிறது. 1935 ஜூன் 10-ஐ ஏ.ஏ. தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகள் 1939-இல் நூலாக வெளிவந்தன. குழுக்களை நடத்துவதற்கான பன்னிரண்டு மரபுகள் 1950-இல் ஏற்கப்பட்டன. சேர்வதற்கு ஒரே ஒரு தகுதி போதும் என்கிறது அவற்றில் ஒன்று: குடியை விடவேண்டும் என்ற விருப்பம்.

கூட்டத்துக்கு முன் மருத்துவர்

காலையில் எழுந்ததும் கை நடுக்கம் நிற்க ஒரு ‘கட்டிங்’ போட்டாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர், மருத்துவ உதவி இல்லாமல் குடியைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்துக்குப் பின் நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குச் சித்தம் கலங்குகிறது. இல்லாத ஆட்களிடம் பேசுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், நாள் கிழமை தெரியாது. காய்ச்சலும் நாடித் துடிப்பும் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரையே பறிக்கலாம். இதைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்க அழைத்துப் போவது இன்றும் நடக்கிறது. அந்த நேரத்தில் தேவைப்படுவது 108 ஆம்புலன்ஸ்.

மருத்துவமனையில் சில நாட்கள் தங்க வைத்து, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்துகளும் தயாமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். நெடுநாள் சரியாகச் சாப்பிடாமல் குடித்தவர்களுக்குத் தயாமின் பற்றாக்குறையால் மூளை பாதிக்கப்பட்டு நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டுப்போவதுண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு. நடுக்கமோ காலைக் குடியோ இல்லாதவர்கள் நேரே கூட்டத்துக்குப் போகலாம். ஐயம் இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போவதே நல்லது.

குடியை நிறுத்தும் என்று விற்கப்படும், சாப்பாட்டில் ‘தெரியாமல் கலந்து கொடுக்கும்’ பொடிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லியாக வேண்டும். அவற்றில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். குடித்தால் கடும் உபாதை உண்டாக்கும் டைசல்பிராம் என்ற மருந்தை மருத்துவர்கள் தருவதுண்டு. அதையும் நோயாளியின் சம்மதத்தோடு, இதயத்தையும் கல்லீரலையும் சோதித்த பிறகே தருகிறார்கள். தனக்கு அது கொடுக்கப்பட்டிருப்பது தெரியாமல் ஒருவர் ஒரு குவார்ட்டரைக் குடித்தால் இரத்த அழுத்தம் திடீரெனச் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்கே விசாரிப்பது

கூட்டம் நடக்கும் இடத்தை அறிய எளிதான வழி, ஏற்கெனவே சிகிச்சை தரும் இடத்தில் கேட்பது. சென்னை இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை நடத்தும் டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்ச் சிகிச்சையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. இத்தகைய மையங்களிலும் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் உள்ள சமூகப் பணியாளர்களுக்கு அந்தந்தப் பகுதிக் கூட்டங்கள் பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்களைப் பார்க்கலாம். ஒரு நகரத்தின் குழுக்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்துக்கு ‘இன்டர்குரூப்’ என்று பெயர். சென்னை போன்ற பெரிய நகரங்களில் இது உண்டு.

அரசின் உதவி எண்களும் இருக்கின்றன. போதைப் பழக்க மீட்புக்கான தேசிய எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416. தமிழ்நாட்டு மருத்துவ ஆலோசனைக்கு 104. மூன்றுக்கும் கட்டணமில்லை. இலங்கையில் இருப்பவர்கள் கொழும்பில் சுமித்ரயோ அமைப்பு நடத்தும் ‘மெல் மெதுர’ மையத்தை நாடலாம்.

ஏ.ஏ. எண்ணை அழைத்தால் எடுத்துப் பேசுபவர் பெரும்பாலும் குடியை விட்ட ஓர் உறுப்பினராகவே இருப்பார். ‘எனக்குக் குடிப்பழக்கம் இருக்கிறது, கூட்டம் எங்கே நடக்கிறது’ என்று கேட்டால் போதும். முழுப்பெயரோ ஊரோ வேலையோ சொல்ல வேண்டியதில்லை. இரண்டு விஷயங்களை அப்போதே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. முதலாவது, கூட்டம் தமிழிலா ஆங்கிலத்திலா. பெரிய நகரங்களில் இரண்டும் உண்டு, மனம்விட்டுப் பேசத் தாய்மொழியே வசதி. இரண்டாவது, அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் மாணவர்களும் யாரும் வரலாம். மூடியது குடிநோயாளிகளுக்கு மட்டும். துணைக்கு மனைவியையோ அண்ணனையோ அழைத்துப் போக நினைப்பவர் இதைக் கேட்காமல் போனால், வந்தவர் வாசலிலேயே காத்திருக்க நேரும்.

பட்டியலில் இருக்கும் முகவரியை நம்பி மட்டும் கிளம்பக்கூடாது. குழுக்கள் வாடகைக்கோ இலவசமாகவோ கிடைத்த அறைகளில் கூடுகின்றன. அறை மாறும், நேரம் மாறும், சில குழுக்கள் ஆள் குறைந்து நின்றும் போகும். தேவாலய வளாகத்தின் பின்கட்டு, பள்ளிக்கூட வகுப்பறை, சமுதாயக் கூடத்தின் மாடி என்று இடம் எதுவாகவும் இருக்கலாம். வருகிறவர்களின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்பதால் வாசலில் பெரிய பலகை இருக்காது; வட்டத்துக்குள் முக்கோணம் வரைந்த ஒரு சிறு அட்டை தொங்கினால் பெரிய விஷயம். அன்று காலையில் ஒரு முறை அழைத்து உறுதி செய்துகொண்டால், இருட்டில் தேவாலயத்தைச் சுற்றிச்சுற்றி வந்துவிட்டு ‘சரி, நமக்கு விதிக்கவில்லை’ என்று வழியில் கடைக்குள் நுழையும் கதை நேராது. தனியாக வரத் தயங்குகிறவரைச் சந்திக்க உறுப்பினர்கள் இருவராக அவர் சொல்லும் இடத்துக்கே வருவதும் உண்டு. ஏ.ஏ.வில் இது பழைய வழக்கம்.

மறுவாழ்வு மையமும் ஏ.ஏ.வும் ஒன்றல்ல

சில மறுவாழ்வு மையங்கள் தங்கள் வளாகத்துக்குள் ஏ.ஏ. கூட்டம் நடத்த இடம் கொடுக்கின்றன. ஆனால் ஏ.ஏ. எந்த மையத்தையும் நடத்துவதில்லை, எதையும் பரிந்துரைப்பதுமில்லை. ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். மையத்தில் சேர்க்க நினைப்பவர்கள், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு அதற்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இரவில் வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போகிறோம் என்று வாக்களிக்கும் இடங்களைத் தவிர்ப்பதே நல்லது. கட்டி இழுத்துப் போகப்பட்டவர் வெளியே வந்ததும் முதலில் தேடுவது பெரும்பாலும் பழைய நண்பர்களைத்தான்.

அறைக்குள் என்ன நடக்கும்

வட்டமாகவோ வரிசையாகவோ போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் பன்னிரண்டு படிகள் அச்சிட்ட துணி. ஓரத்தில் பிளாஸ்கில் தேநீர், ஒரு தட்டில் பிஸ்கட். பத்துப் பேரும் இருக்கலாம், நாற்பது பேரும் இருக்கலாம். ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் நடக்கும். சிறு மௌனமும் பொதுவான ஒரு பிரார்த்தனையும் முடிந்ததும் தலைமை தாங்குபவர் படிகளிலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். முதற்பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவது வழக்கம். அறை முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும்.

முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்ற வரிசையில்தான் பெரும்பாலான பேச்சுகள் போகும். கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் பாட்டிலை ஒளித்தது, சம்பள நாளில் பணம் திருடு போய்விட்டதாக வீட்டில் அழுதது, மகளின் நிச்சயதார்த்தத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் விழுந்து கிடந்தது. புதிதாக வந்தவரை அதிர வைப்பது அந்தக் கதைகள் அல்ல, அவற்றைக் கேட்டு எழும் சிரிப்பு. தான் மட்டுமே செய்ததாக நினைத்து வெட்கி மறைத்த ஒன்றை எதிரில் இருப்பவர் சாதாரணமாகச் சொல்லிச் சிரிக்கும்போதுதான், இது தன் ஒருவனின் கேவலம் மட்டுமில்லை, இதற்கு ஒரு நோயின் வடிவம் இருக்கிறது என்று முதல்முறையாகப் படுகிறது.

ஒருவர் பேசும்போது குறுக்கே கேள்வி கேட்கவோ அறிவுரை சொல்லவோ கூடாது. புதியவர் பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு ‘இன்று கேட்கத்தான் வந்தேன்’ என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். செலவுக்காக ஒரு பை சுற்றி வரும். முதல்முறை வருபவர் போட வேண்டாம் என்பார்கள். உறுப்பினர் போடுவதைத் தவிர வெளியாரின் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. குடியை விட்டு ஓராண்டு, ஐந்தாண்டு நிறைந்தவர்களுக்குப் ‘பிறந்தநாள்’ கொண்டாடி ஒரு வில்லை கொடுப்பார்கள். வீட்டாரும் வந்து கைதட்டும் நாள் அது.

பலருக்குக் கூட்டத்தைவிட அது முடிந்த பின் வாசலில் நடக்கும் பத்து நிமிடப் பேச்சுதான் உதவுகிறது. அங்கேதான் தொலைபேசி எண்கள் கைமாறும். மாலை ஆறு மணிக்கு வாய் ஊறும்போது அழைக்க அந்த எண் வேண்டும். நாளடைவில் அவர்களில் ஒருவரை ‘ஸ்பான்சர்’ ஆக வைத்துக்கொள்வார்கள். படிகளைப் பின்பற்ற வழிகாட்டும் மூத்த உறுப்பினர் அவர். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொது வழக்கம்.

கடவுள் பற்றிய தயக்கம்

படிகளில் கடவுள் வருகிறார். கூட்டமும் பல ஊர்களில் தேவாலய வளாகத்தில் நடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து இது மதமாற்ற வேலை என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. தேவாலயங்கள் அறை கொடுக்கின்றன, அவ்வளவுதான், ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்று படிகளே இடம் விடுகின்றன. அந்தக் கடவுள் முருகனாகவும் அல்லாவாகவும் ஏசுவாகவும் இருக்கலாம். நாத்திகர்கள் பலர் குழுவையே அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒவ்வாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி, நடத்தை மாற்றச் சிகிச்சையின் உத்திகளை அடிப்படையாகக் கொண்டது. கடவுளும் படிகளும் அதில் இல்லை. அதன் இணையக் கூட்டங்கள் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குக் கைக்கெட்டும்.

முதல் கூட்டம் பிடிக்காவிட்டால்

ஒரு கூட்டத்தைப் பார்த்து ஏ.ஏ.வையே எடைபோடக் கூடாது. ஒரு குழுவில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் நிறைந்திருப்பார்கள், இன்னொன்றில் ஆட்டோ ஓட்டுநர்களும் கொத்தனார்களும். ஒன்றில் ஒருவரே அரை மணி நேரம் பேசித் தீர்ப்பார். ஐந்தாறு கூட்டங்களையாவது, முடிந்தால் வெவ்வேறு குழுக்களில், பார்த்த பிறகு முடிவெடுப்பதே நியாயம். குடியை விட்ட தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பெரிய நகரத்தில் இது முடியும். வாரம் ஒரே கூட்டம் நடக்கும் சிற்றூரில் இருப்பவர், மற்ற நாட்களில் இணையக் கூட்டத்தையும் தொலைபேசியையும் கொண்டு ஒப்பேற்றலாம். கொரோனா காலத்துக்குப் பின் ஜூம் வழிக் கூட்டங்கள் பெருகியிருக்கின்றன.

பெண்களுக்கு இந்த இணையக் கூட்டங்கள் ஒரு பெரிய கதவு. ஆண்கள் நிறைந்த அறைக்குள் ஒரு பெண் போய் ‘நான் குடிநோயாளி’ என்று சொல்வது நம் ஊரில் எளிதல்ல. குடிக்கும் ஆணுக்குக் கிடைக்கும் பரிதாபம்கூட அவளுக்குக் கிடைப்பதில்லை. அழைக்கும்போதே பெண் உறுப்பினர் ஒருவரிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம். பெண்களுக்கு மட்டுமான கூட்டம் இருக்கிறதா என்றும் விசாரிக்கலாம்.

வீட்டாருக்கான கூட்டம்

குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் வீட்டார் போவதற்கு ஓரிடம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ், தோழி ஒருவரோடு சேர்ந்து 1951-இல் தொடங்கிய அல்-அனான், குடிநோயாளியின் மனைவி, பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு அலட்டீன் 1957-இல் வந்தது. சென்னையிலும் அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. கணவரை எப்படித் திருத்துவது என்று கேட்டு வரும் பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் பதில் முதலில் ஏமாற்றமாக இருக்கும். அவர் குடிக்கு நீ காரணமில்லை, அதை உன்னால் அடக்கவும் முடியாது, உன்னையும் பிள்ளைகளையும் கவனி என்பார்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டு ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று பொய் சொல்வது, கடனை அடைப்பது, வாந்தியைத் துடைத்துவிட்டுக் காலையில் ஒன்றும் நடக்காதது போல் காபி கொடுப்பது எல்லாம் குடியைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பது மெல்ல மெல்லப் புரியும்.

பலன் எவ்வளவு

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. நோயாளிகளை முறைப்படி ஏ.ஏ.வில் கொண்டு சேர்க்கும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் 42 சதவீதத்தினர் தொடர்ந்து குடிக்காமல் இருந்தனர்; பிற உளவியல் சிகிச்சைகளில் இது 35 சதவீதம். ஆக, நிறுவப்பட்ட சிகிச்சைகளுக்கு இது இளைத்ததல்ல. எல்லோரையும் காப்பாற்றிவிடுவதும் இல்லை. கூட்டத்துக்குப் போவதால் மருந்தையோ ஆலோசனையையோ விட வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் ‘இதுவும் ஒரு போதைதான், நிறுத்து’ என்று சில உறுப்பினர்கள் சொல்வதுண்டு. அந்தப் பேச்சைக் காதில் வாங்கக் கூடாது. மாத்திரை விஷயம் மருத்துவரின் வேலை.

மறுபடி குடித்துவிட்டால்

மீளும் வழியில் பலர் ஒரு முறையாவது சறுக்குகிறார்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் சறுக்கலுக்கு முன் வந்து நிற்பவை என்று குழுக்களில் எச்சரிப்பார்கள்; துக்க வீடும் கல்யாண வீடும் அந்தப் பட்டியலில் சேர வேண்டியவை. சறுக்கியவர் வெட்கப்பட்டுக் குழுவுக்கு வராமல் இருந்துவிடுவது குடித்ததைவிடப் பெரிய ஆபத்து. திரும்பி வந்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. குடிக்காத நாட்களை ஒன்றிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்குவார், அவ்வளவே. போதையில் வந்தாலும் கூட்டத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பவரை வெளியே அனுப்பாத குழுக்களே அதிகம். பேச மட்டும் வாய்ப்புத் தரமாட்டார்கள். குடி நாள்கணக்கில் தொடர்ந்து, நிறுத்தும்போது கை நடுங்க ஆரம்பித்தால், முதல் முறையைப் போலவே இப்போதும் மருத்துவமனைக்குப் போய், உடல் தெளிந்த பிறகே கூட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.